மூணாம் நம்பர் வண்டி

"அமுக்குங்கக்கா."

முத்தாத்தாள் கைப்பிடியில் இருந்த பிரேக் லீவரை மூன்று தரம் அமுக்கி, நாலாவது தரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "புடிச்சுட்டேன் அம்மணி."

தரையில் முழங்காலூன்றியிருந்த பிரவீனா, சக்கரத்துக்கு உட்புறம் கைவிட்டு, எட்டாம் நம்பர் ஸ்பேனரால், ஆயிலும் காற்றும் வெளியேறுகிற நிப்பிள் திருகைக் கால் சுற்று திறந்தாள். அதில் மாட்டியிருந்த டியூப் வழியாகப் பழைய பிரேக் ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இறங்கியது. நடுநடுவே பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழ்கள். லீவர் கைப்பிடியைத் தொடும் முன்பே நிப்பிளை மூடினாள்.

"விடுங்க."

வெள்ளியங்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சென்னகேசவன் நடத்திவந்த பார்க்கில் இப்படி நாலு ஏ.டி.வி. வண்டிகள் இருந்தன. பருத்த டயர் போட்டு, சேறோ பாறையோ எதிலும் ஏறக்கூடிய வண்டிகள். கோயமுத்தூரிலிருந்து வருகிறவர்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு பாறைமேடு வரை ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குவார்கள். முன்னால் வழிகாட்டிப் போவது சுஃப்யான். வண்டிகளைப் பார்த்துக்கொள்வது பிரவீனா. ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவள். இந்த வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. முத்தாத்தாள் சமையல்காரி. லீவர் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு வருவாள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். இரண்டு மழைக்காலம் குடித்திருந்தது. நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒரு மாதமாக முதலாளியிடம் சொல்லிச் சொல்லி, இந்த வெள்ளிக்கிழமைதான் நாலு வண்டிக்கும் ஆயில் மாற்ற அவர் சம்மதித்தார். ஒன்றாம் நம்பர் முடிந்துவிட்டது. இரண்டும் நாலும் சக்கரம் கழற்றிக் கிடந்தன. மூன்றாம் நம்பரில் லீவருக்கு அதிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து மூன்று சக்கரம் முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது முன்பக்க இடது சக்கரம் மட்டும்.

சென்னகேசவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நின்றார். "அம்மணி, மூணு ரெடியாங்க? ரெண்டு பொண்ணுக வந்து காத்துட்டு இருக்குதுக. பத்து மணின்னு சொல்லியிருந்தோம்."

"ஒரு சக்கரம் பாக்கி இருக்குதுங்க."

"சித்தே வெரசாப் பாருங்க."

நாலாவது சக்கரத்துக்கு நகர்ந்தாள். நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாள். அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. வேலை நடக்கும்போது நிப்பிளைக் காற்று போகாத அளவுக்குத்தான் மூடுவாள். எல்லாம் முடிந்ததும் ஸ்பேனரை மறுபடி போட்டு ஓர் இழுப்பு இழுத்து இறுக்குவாள். இறுக்கிய பிறகே ரப்பர் மூடி.

ஆறாவது முறை திறந்தபோது டியூபில் புது ஆயில் தேன் நிறத்தில், ஒரு குமிழ்கூட இல்லாமல் வந்தது. நிப்பிளை மூடினாள். அந்த நேரத்தில் சமையலறையில் சார்ஜில் கிடந்த அவள் போன் அடித்தது. முத்தாத்தாள் லீவரை விட்டுவிட்டு ஓடிப் போய் எடுத்துவந்தாள்.

"ஸ்கூல்ல இருந்து அம்மணி."

பிரவீனா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காரமடைப் பள்ளிக்கூடத்தின் டீச்சர் பேசினாள். மகள் நவ்யாவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டாள். உடனே வந்து கூட்டிப்போக வேண்டும்.

"வாந்தில ஏதாச்சும் ரத்தம்… இல்லைங்களே? நான் இப்பவே கெளம்பறனுங்க."

போனைக் காதில் வைத்தபடியே டியூபை உருவினாள். கைப்பிடியில் இருந்த ஆயில் கப்பை நிரப்பி மூடியைத் திருகினாள். லீவரை அமுக்கிப் பார்த்தாள். கல்லு மாதிரி நின்றது.

"அம்மணி, ரெடியாங்க?" என்றார் சென்னகேசவன்.

"ரெடிங்க," என்றாள்.

* * *

மினி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கணவன் அருள்குமாரைக் கூப்பிடச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தபோது, கூடவே ஏதோ ஒன்று வந்து மடியில் விழுந்தது.

சின்ன ரப்பர் மூடி. கறுப்பு. சுண்டுவிரல் நுனி அளவு.

அவள் அதைப் பார்த்தாள். மற்ற மூன்று சக்கரத்துக்கும் மூடி போட்டது ஞாபகம் இருந்தது. இது நாலாவதினுடையது. மூடி இங்கே இருக்கிறதென்றால் நிப்பிள் இறுக்கவில்லை.

லீவர் கல்லு மாதிரி நின்றதே என்று ஒரு கணம் மனம் தப்பிக்கப் பார்த்தது. நிற்கும்தான். நிறுத்தி வைத்த வண்டியில் நிற்கும். கல்லிலும் குழியிலும் குலுங்கக் குலுங்க நிப்பிள் தானாகக் கழலும். அதற்குப் பிறகு லீவரை ஒவ்வொரு தரம் பிடிக்கும்போதும் கொஞ்சம் ஆயில் வெளியே பீச்சும். அந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லீவர், ஒரே ஆயில் கப். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போகும்.

சென்னகேசவனைக் கூப்பிட்டாள். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சுஃப்யானுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. முத்தாத்தாளுக்கு அடித்தாள்.

"அக்கா, மூணாம் நம்பர் எங்கிருக்குது?"

"அது அப்பவே போயிருச்சே. நீ போன கையோட சுஃப்யான் முன்னால, அந்தப் பொண்ணுக ரெண்டும் பின்னால. இருவது நிமிசம் இருக்கும்."

பாறைமேட்டுக்கு ஏற முக்கால் மணி நேரமாகும். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு. மேலே போட்டோ எடுக்கக் கால் மணி நேரம். அப்புறம் இறக்கம். ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் பள்ளம், மூன்று வளைவு.

"அக்கா, நல்லாக் கேளுங்க. என்ற மேசை மேல எட்டாம் நம்பர் ஸ்பேனர், டியூப், புது ஆயில் பாட்டில், ஒரு காலி பாட்டில் இருக்குது. அதையெல்லாம் ஒரு பையில போட்டு முதலாளிகிட்டக் குடுத்து, உடனே மேல நடந்து வரச் சொல்லுங்க. மூணாம் நம்பர்ல பிரேக் நிக்காது. நான் இறுக்காம வந்துட்டேன்னு சொல்லுங்க."

"கெரகமே," என்றாள் முத்தாத்தாள். அவள் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கீழிருந்து நடந்து வருகிறவர் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டார் என்பது பிரவீனாவுக்குத் தெரியும். ஆனால் முன்னால், அடுத்த நிறுத்தத்தில், பாலுசாமியின் பாக்குத் தோப்பு இருக்கிறது. தோப்பின் தலைமாட்டிலிருந்து ஒரு ஆட்டுத்தடம் மேலேறி, இறக்கத்தின் முதல் வளைவுக்கும் இரண்டாவது வளைவுக்கும் நடுவில் போய்ச் சேரும்.

காரமடை இன்னும் இருபது நிமிடத்தில் வந்துவிடும். நவ்யா டீச்சர் அறை பெஞ்சில் படுத்திருப்பாள்.

அருள்குமார் வேலை செய்யும் பம்ப் கம்பெனியில் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட் நம்பரைக் கூப்பிட்டாள். "அசெம்ப்ளியில அருள்குமார்ங்க. பொண்ணுக்குக் காய்ச்சல், ஸ்கூலுக்கு உடனே போகச் சொல்லணுங்க. நான் போக முடியாதுன்னு சொல்லுங்க. மறக்காமச் சொல்லீருங்க."

"சொல்லிப் பாக்கறமுங்க," என்றது ஒரு குரல். அந்தக் குரலில் அவசரம் எதுவும் இல்லை.

பிரவீனா எழுந்து நின்று கத்தினாள். "நிறுத்துங்க! எறங்கணும்!"

* * *

பாலுசாமியின் கேட் பூட்டியிருந்தது. பூட்டித்தான் இருக்கும். போன வருடம் பார்க்கிலிருந்து வந்த யாரோ வண்டியைத் தடம் மாற்றி ஓட்டி, அவர் வேலியைக் கிழித்துக்கொண்டு தோப்புக்குள் வந்துவிட்டார்கள். கட்டியிருந்த சினை மாடு மிரண்டு கயிற்றை அறுத்து ஓடி, காலொடிந்து போயிற்று. அன்றிலிருந்து அவருக்கும் சென்னகேசவனுக்கும் பேச்சில்லை. பார்க் ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

அவள் கேட்டை இரண்டு கையாலும் குலுக்கினாள். "ஏனுங்க! ஏனுங்க!"

மரத்தடியில் பாக்கு உலர்த்திக்கொண்டிருந்த பாலுசாமி நிமிர்ந்தார். மெதுவாக நடந்து வந்தார். அவள் சட்டையில் தைத்திருந்த பார்க் பெயரைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"எதுக்குங்க வந்தீங்க? உங்க ஆளுக யாரும் இந்த வழியில வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கறன்."

"தெரியுமுங்க. ஒரே ஒரு தரம் உடுங்க. மேல ஒரு வண்டி போயிருக்குது. பிரேக் புடிக்காது. எறங்கறதுக்குள்ள நிறுத்தணும்."

"பிரேக் இல்லாத வண்டிய எதுக்கு அனுப்பினீங்க?"

"நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

அவர் அவளையே பார்த்தார். "வண்டியில யாரு?"

"ரெண்டு பொண்ணுக. காலேஜ் படிக்கற வயசு."

பாலுசாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். தோளில் இருந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தென்னை மரத்தில் சாய்த்திருந்த மொபெட்டை உதைத்தார். "ஏறுங்க."

பாக்கு மரங்களுக்கு நடுவே வாய்க்கால் வரப்பு மேலேயே மொபெட் போயிற்று. இரண்டு இடத்தில் சக்கரம் சறுக்கியது. பிரவீனா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மணியைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தைந்து. தோப்பு முடிகிற இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு இருவரும் ஆட்டுத்தடத்தில் ஏறினார்கள்.

செங்குத்தான தடம். உண்ணிமுள் கையைக் கிழித்தது. பாதி வழியில் அவளுக்கு மூச்சு நெஞ்சுக்குள் போகவே இல்லை. பாலுசாமி பின்னால் இருமிக்கொண்டே வந்தார். "நிக்காதீங்க, ஏறுங்க, ஏறுங்க," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே இன்ஜின் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு இன்னொன்று.

இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிரவீனா நாலு காலில் ஊர்ந்து தடத்தின் கடைசிப் படியை ஏறி வண்டிப் பாதையில் வந்து விழுந்தாள். எழுந்து நின்றபோது முதல் வளைவைத் திரும்பி சுஃப்யானின் வண்டி வந்தது. அவளைக் கண்டதும் அவர் திகைத்துப் பிரேக் பிடித்தார்.

"அம்மணி? நீங்க எங்க இங்க…"

"நிக்காதீங்கண்ணா! முன்னால போங்க! வழிய உடுங்க! மூணுல பிரேக் இல்லை!"

நாற்பது வயதான சுஃப்யான் மலையில் பதினைந்து வருடம் வண்டி ஓட்டியவர். உடனே வண்டியை முடுக்கிக் கீழே கொண்டுபோனார்.

வளைவில் மூன்றாம் நம்பர் தெரிந்தது. ஓட்டி வந்தவள் ஹர்ஷிணி. பின்னால் அவள் தங்கை ஹரிதா, அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். ஹர்ஷிணி சிரிக்கவில்லை. அவளுடைய இடது கை லீவரைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, மறுபடி பிடித்தது. லீவர் ஒவ்வொரு தரமும் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி வேகம் பிடித்தது.

"புடிக்க மாட்டேங்குது!" என்று அலறினாள்.

"ஆக்சிலேட்டரை உட்டுருங்க! முழுசா உட்டுருங்க!" பிரவீனா பாதை நடுவிலிருந்து மண்மேட்டுப் பக்கம் கையைக் காட்டிக் கத்தினாள். "இந்தப் பக்கம் திருப்புங்க! மேட்டுல ஏத்துங்க! புதருக்குள்ள உடுங்க!"

ஹர்ஷிணியின் கண் பள்ளத்தின் பக்கம் போயிற்று. ஒரு நொடி கைப்பிடி அந்தப் பக்கமே சாய்ந்தது.

"என்னையப் பாருங்க! என்னையப் பாத்துத் திருப்புங்க!"

அவள் திருப்பினாள். வண்டி பிரவீனாவை ஒரு முழத் தூரத்தில் தாண்டிப் போய், மண்மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றி, உண்ணிச்செடிகளை நொறுக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. ஹரிதா பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டுப் பாதையில் விழுந்தாள். ஒரு நொடி எல்லாம் நின்றது. பிறகு வண்டி மெதுவாகப் பின்னுக்கு உருள ஆரம்பித்தது. ஹரிதா விழுந்து கிடந்த இடத்தை நோக்கி.

பிரவீனா பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினாள். கால் சறுக்கியது. அப்போது பாலுசாமி பாதைக்கு வந்து சேர்ந்தார். கண்ணில் பட்ட ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் போட்டார். இன்னொன்றைத் தூக்கி அடுத்த சக்கரத்துக்குப் போட்டார். வண்டி நின்றது.

அவர் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

* * *

ஹரிதாவுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. விரல்களை மடக்கிக் காட்டினாள். பாலுசாமி அவர்கள் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். "ஒண்ணுமில்லை கண்ணு, ஒண்ணுமில்லை," என்று அவள் தலையைத் தடவினார்.

கீழே வண்டியை நிறுத்திவிட்டுச் சுஃப்யான் ஓடிவந்தார். "கல்லு கில்லு பட்டு ஆயில் பைப் ஒடைஞ்சிருக்குமுங்க. மலையில அப்பப்ப நடக்கறதுதான்," என்று ஹர்ஷிணியிடம் சொன்னார். அவளைத் தேற்றத்தான் சொன்னார்.

பிரவீனா முன்பக்க இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். ரிம்மின் உட்புறம் முழுக்க ஆயில் நனைந்து மண் அப்பியிருந்தது. நிப்பிளை விரலால் தொட்டாள். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலுக்கே சுற்றியது.

"பைப் ஒண்ணும் ஒடையலைங்க," என்றாள். "காலைல பிரேக் ஆயில் மாத்தினது நான். கடைசிச் சக்கரத்துல இதை இறுக்காம உட்டுட்டேன். ரெடியான்னு கேட்டாங்க, ரெடின்னு சொன்னதும் நான்தான். பஸ்ஸுல போறப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

ஹர்ஷிணி அவளையே பார்த்தாள். "நாங்க செத்திருப்போம்."

"ஆமாங்க."

மன்னிப்புக் கேட்கலாம். கேட்டாள். அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

கால் மணி நேரம் கழித்துச் சென்னகேசவன் வேர்த்து வழிய ஏறிவந்தார். கையில் பை. இரண்டு பெண்களும் உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வந்ததும் முதலாளிக் குரலும் வந்துவிட்டது.

"பயப்படாதீங்கம்மா. சின்ன ஏர் லாக்குதான். எங்க வண்டியெல்லாம்…"

"அவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க சார்," என்றாள் ஹர்ஷிணி.

சென்னகேசவன் பிரவீனாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அதற்கும் அடியில் பயம் இருந்தது. பிரவீனா பையை வாங்கிக்கொண்டாள். வண்டியை இங்கே விட்டுப் போக முடியாது. யானை வருகிற தடம்; பொழுதுசாய மேலே வண்டி நிற்கக் கூடாது என்பது பார்க்கின் முதல் விதி. பிரேக் இல்லாமல் இறக்கவும் முடியாது.

"ஏர் எடுக்கணும். லீவர் புடிக்க ஒருத்தர் வேணும்."

சுஃப்யான் முன்னால் வந்தார். அதற்குள் ஹர்ஷிணி வண்டியருகே போய் நின்றாள். "நான் புடிக்கறேன். என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியணும்."

பிரவீனா தலையசைத்தாள். ஆயில் கப்பைத் திறந்தாள். அடியில் ஒரு சொட்டு இல்லை. பாட்டிலில் இருந்ததை ஊற்றினாள். கால் பாட்டில்தான் மிச்சம். நாலு சக்கரத்துக்கும் இது போதவேண்டும். கப் ஒரு தரம் காலியானாலும் மறுபடி காற்று புகுந்துவிடும். அப்புறம் ஊற்ற ஆயில் இல்லை.

"அமுக்குங்க. இன்னொருக்கா. இன்னொருக்கா. இப்பப் புடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் உடக்கூடாது."

நிப்பிளைத் திறந்தாள். டியூபில் வெறும் காற்றும் நுரையும் தும்மிக்கொண்டு வந்தன. மூடினாள்.

"விடுங்க."

மூன்றாவது தரம் ஹர்ஷிணியின் கையிலிருந்து லீவர் வழுக்கி, சொல்லும் முன்பே திரும்பிவிட்டது. டியூபில் இருந்த காற்று மறுபடி உள்ளே இழுபட்டுப் போனது. ஒரு வாய் ஆயில் வீண். "மன்னிச்சுக்கங்க," என்றாள் ஹர்ஷிணி, தன்னை மறந்து. பிறகு இரண்டு கையாலும் பிடித்தாள்.

அமுக்குங்க, புடிங்க, விடுங்க என்ற மூன்று சொல் மட்டும் மாறி மாறி ஒலித்தது. நாலு சக்கரமும் சுற்றிக் கடைசியாக முன்பக்க இடது சக்கரத்துக்கு வந்தபோது பாட்டில் காலி. கப்பில் அரை அங்குலம் ஆயில். இரண்டு தரம் திறந்தாள். மூன்றாவது தரம் டியூபில் குமிழ் இல்லாமல் வந்தது. நாலாவது தரம் திறக்கத் துணியவில்லை.

ஸ்பேனரைப் போட்டு இறுக்கினாள். ஒவ்வொரு சக்கரமாகப் போய் நாலையும் மறுபடி இறுக்கிப் பார்த்தாள். பிறகு ஹர்ஷிணியிடம் ஸ்பேனரை நீட்டினாள். "நீங்களும் பாருங்க."

ஹர்ஷிணி நாலையும் பார்த்தாள். லீவர் முக்கால் தூரத்தில் நின்றது. முழுக்கக் கல்லு மாதிரி இல்லை. ஆனால் நின்றது.

"நான் ஒண்டியா எறக்கறேன். யாரும் பின்னால ஏற வேண்டாம், யாரும் முன்னால நடக்க வேண்டாம்," என்றாள் பிரவீனா.

"நான் ஓட்டறேன் அம்மணி," என்றார் சுஃப்யான்.

"வேண்டாங்கண்ணா."

பாலுசாமி எழுந்து வேட்டியை உதறினார். ஒரு வருடத்துக்குப் பிறகு சென்னகேசவனின் முகத்தை நேராகப் பார்த்தார். "புள்ளைகளை என்ற தோட்டத்து வழியாக் கூட்டீட்டுப் போறனுங்க. ரோட்டுக்கு வந்து கார்ல ஏத்திக்குங்க. வேலிப் பேச்சை அப்பறம் பேசிக்கலாம்."

சென்னகேசவன் கையெடுத்துக் கும்பிட்டார்.

* * *

இரண்டாவது வளைவுதான் மோசமானது. பிரவீனா லோ கியரில் போட்டு, லீவரைத் தொட்டும் தொடாமலும் இறக்கினாள். வளைவுக்கு முன்னால் முழுதாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். அமுக்கினாள். லீவர் உள்ளே போனது. இன்னும் போனது. நின்றது. வண்டி முன்பக்கம் தாழ்ந்து, சரளைக்கல்லில் கரகரத்து நின்றுவிட்டது. இடது பக்கம் பள்ளத்தில் மூங்கில் தலைகள் ஆடின. அங்கேயே உட்கார்ந்து இருபது எண்ணினாள். லீவர் இறங்கவில்லை. பிடியை விட்டு மறுபடி உருண்டாள்.

மூன்றாவது வளைவு. ஓடை. பிறகு சமதளம்.

ஷெட்டில் வந்து இன்ஜினை அணைத்தபோது இரண்டு கையும் கைப்பிடியை விட மறுத்தன. முத்தாத்தாள் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள். அப்போதுதான் போனில் சிக்னல் வந்து வரிசையாக அதிர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நாலு அழைப்பு. அருள்குமாரிடமிருந்து ஒரு செய்தி: பாப்பாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வந்துவிட்டேன், ரத்தம் எடுத்திருக்கிறார்கள், நீ எங்கே.

காரமடை கிளினிக்குக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். நவ்யாவுக்குக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் நூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது. டெங்கு இல்லையாம், தொண்டைப் புண் என்றார் டாக்டர். கேட்டிலிருந்த ஆள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொன்னானாம். அருள்குமார் அதைச் சொல்லிவிட்டு அவள் சட்டையையும் கிழிந்த கைகளையும் பார்த்தான். திட்டுவதற்காக வைத்திருந்த சொற்களை அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"மிஸ் நீ வந்துட்டே இருக்கேன்னு சொன்னாங்கம்மா," என்றாள் நவ்யா. "நான் கேட்டையே பாத்துட்டு இருந்தேன்."

பிரவீனா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆயில் நாறும் கையால் குழந்தையைத் தொடத் தயங்கினாள். "ரெண்டு அக்காங்க போன வண்டியில அம்மா ஒரு வேலையை மறந்துட்டேன் கண்ணு. அவங்களை நிறுத்தப் போயிட்டேன்."

"நிறுத்தீட்டியா?"

"நிறுத்தீட்டேன். ஒரு அக்காவுக்குக் கை சிராய்ச்சிருச்சு."

நவ்யா கொஞ்சம் யோசித்தாள். "மருந்து போட்டாங்களா?"

"போட்டாங்க."

அதுவரை அழாத பிரவீனா, எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதாள். அருள்குமார் பின்னாலேயே வந்து சோப்புக்கட்டியை நீட்டினான்.

ஆறு மணிக்குச் சென்னகேசவன் கூப்பிட்டார். பெண்களின் அப்பா வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். கத்தினாராம். போலீஸுக்குப் போவேன் என்றாராம். பெரிய பெண்தான் தடுத்தாளாம். "அந்தப் புள்ளை என்னமோ எங்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு. இனிமே எங்க வண்டில யார் ஏறினாலும், பிரேக் பாத்தவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொங்க விடணுமாமா. இல்லைன்னா நடந்ததை ஊருக்கே சொல்லீருவேன்னு."

"சரிதானுங்க அது."

"உங்களை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு மத்தியானம் பூரா யோசிச்சேன் அம்மணி. பொய் சொல்லலை. நெம்பக் கோவமா இருந்துச்சு. அப்பறம், பஸ்ஸுல இருந்து எறங்காம போயிருந்தீங்கன்னா இப்ப நான் எங்க இருப்பேன்னு நெனச்சேன்."

பிரவீனா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நாளைக்கும் மறுநாளும் ஒரு வண்டியும் ஓடாது. வந்து நாலையும் முதல்ல இருந்து பாருங்க. பாப்பாவுக்குச் சொகமானதுக்கப்பறம் வந்தாப் போதும்."

"வாரனுங்க. ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"சொல்லுங்க."

"நான் கீழ உக்காந்து வேலை பாக்கறப்ப, யாரும் வந்து ரெடியான்னு கேக்கக் கூடாதுங்க. நீங்களும். முடிஞ்சா நானே வந்து சொல்லுவேன்."

முன்பு இப்படி அவரிடம் அவள் பேசியதில்லை. பின்னணியில் முத்தாத்தாள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"கேக்கலைங்க," என்றார்.

உள்ளே நர்ஸ் குளுக்கோஸ் ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நவ்யா பசிக்கிறது என்றாள், காலையிலிருந்து முதல் தடவையாக. அருள்குமார் இட்லி வாங்க இறங்கிப் போனான்.